கொட்டாவிபுரத்து நடுத்தூண்

அன்றைக்குப் பாலம் ஆடவில்லை.

மேசை விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பாலத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த உமாதேவிக்கு முதலில் அது உறைக்கவில்லை. மூக்கன் என்ற பொம்மை இஞ்சின் மேசைமேலிருந்த மலையைச் சுற்றி வந்தது. குடைக்கம்பியை நிமிர்த்திப் போட்ட தண்டவாளத்தில் அதன் பித்தளைச் சக்கரங்கள் கரகரவென்று தேய்ந்தன. பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிப் பொருத்திய மோட்டார் சூடேறி, கருகும் வார்னிஷ் வாடையும் மதியம் போட்ட சாம்பிராணியின் மிச்சமும் ஒன்றாகக் கலந்து மாடியறையைச் சுற்றின. எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நடுத்தூண் ஒரு நூல் சாயும், தண்டவாளம் துள்ளும், மூக்கன் தடுமாறிக் கவிழும். இன்று இஞ்சின் நேராகப் பாலத்தில் ஏறி, நேராக இறங்கிப் போய்விட்டது.

"பாலம் நின்னுருச்சுங்க, பாத்தீங்களா?" என்றாள். வாயெல்லாம் பல் அவளுக்கு.

நஞ்சுண்டசாமி பாலத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம். நின்னுடுச்சு," என்று சொல்லிவிட்டுச் சுவிட்சை அணைத்தான். இரண்டு வருஷம் பாடுபட்டவன் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் இருக்க வேண்டாமா என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. எழுந்து நிற்கும்போதுதான் இரண்டு பாதங்களும் ஜில்லிட்டுக் கிடந்ததைக் கவனித்தாள். சிமெண்டுத் தரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் சந்தில் இருந்தது அவர்கள் வீடு. நஞ்சுண்டசாமிக்கு ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. ஊரில் சின்ன ரயில் பாதையைப் பிடுங்கிவிட்டுப் பெரிய பாதை போட்டபோது எல்லோரும் இனிமேல் வேகமாகப் போகலாம் என்று மகிழ்ந்தார்கள். இவன் மட்டும் இழவு விழுந்த வீட்டுக்காரனைப் போலத் திரிந்தான். பிறகு ஒரு நாள் மாடியறையில் ஒட்டுப்பலகை மேசை போட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பாதையைத் தானே போட ஆரம்பித்தான். இஞ்சின்கள் அவன் கைவேலை. நீளப் புகைபோக்கி வைத்தது மூக்கன்; பவுடர் டப்பாவில் செய்தது, மேட்டில் ஏறவே ஏறாதது, சோம்பேறி.

மற்றதெல்லாம் உமாதேவி. கொள்ளேகாலத்துப் பக்கம் காட்டு வேலை செய்து வளர்ந்த கை அது. பேப்பரை ஊற வைத்து அடுக்கடுக்காக ஒட்டி மலை செய்தாள், மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுப் புல் தூவினாள். ஊருக்குக் கொட்டாவிபுரம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார். தண்டவாளத்தில் படுத்த எருமை ஒன்று எழுந்திருக்க மாட்டேன் என்றதால் பாதையே அதைச் சுற்றி வளைந்து போகும். நெல்மணி அளவுப் பயணிகள் நூறு பேருக்கு மேல் செய்தாள். அத்தனை சின்னதில் கண் மூக்கு எழுத வரவில்லை என்று முகத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் அவளோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அந்த மேசை வந்த பிறகுதான் பேசினான். அதனால் அந்த மேசை அவளுக்கு உயிர்.

பாலமும் அவள் கட்டியதுதான். ஓடை போலக் கண்ணாடி பதித்து, அதன்மேல் மூன்று தூண். ஓரத் தூண் இரண்டும் நன்றாக நின்றன. நடுத்தூணை மரத்தில் செய்தாலும், உள்ளே போல்ட்டு வைத்துச் சுண்ணாம்பில் வார்த்தாலும், ராத்திரி போய்க் காலையில் பார்த்தால் சாய்ந்திருக்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. போன தசராவுக்கு, கொலு பார்க்க வந்த சந்துக்காரர்களும் நஞ்சுண்டசாமியின் போர்மேனும் சுற்றி நின்றபோது பாலம் விழுந்து, மூக்கனின் சக்கரம் ஒன்று உருண்டு போர்மேனின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். தொழிற்சாலையில் அவனுக்குப் 'பாலம்' என்றே பெயராகிவிட்டது. அதற்கப்புறம் அவன் சாப்பிடும்போதுகூட நடுத்தூணைப் பற்றியே யோசித்தான்.

இந்த வருஷம் தசராவுக்கு அனூர்ப் பக்கத்திலிருந்து அவனுடைய தாய்மாமன் அய்யாவு வந்திருந்தார். கொத்து மேஸ்திரி, வாய்க்கால்களின்மேல் எத்தனையோ பாலம் கட்டியவர். உமாதேவிக்கு முறைக்குச் சித்தப்பா, அதாவது தகப்பன் ஸ்தானம். மாடிக்கு வந்து நடுத்தூணைச் சுண்டுவிரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இது கேக்குதுடா," என்றார் மருமகனிடம். "கேக்கறதக் குடுத்தா நிக்கும்."

காபி கொண்டுவந்த உமாதேவிக்குச் சிரிப்பு வந்தது. "இத்தனூண்டு பாலத்துக்கு ஒரு முட்டைய ஒடச்சா ஆவாதுங்களா சித்தப்பா?"

அவர் சிரிக்கவில்லை. "சின்னது பெருசெல்லாம் அதுக்குத் தெரியாது அம்மிணி. இதக் கட்டுன கை யாரோடது?"

"என்னோடதுதானுங்க," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"ம்," என்று காபியை வாங்கிக்கொண்டார். மாமியார் கமலம்மாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை உமாதேவியும் பார்த்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு அவர்கள் செய்ததை நினைத்து அன்றைக்கெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. காலையில் மாமியார் தானே எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். புதுச் சேலை. மார்க்கெட்டிலிருந்து இரண்டு முழத்துக்கு மேல் மல்லிகை. இத்தனை வருஷத்தில் வாய் நிறைய ஒரு தரம் கூப்பிடாதவள், "வா கண்ணு, மொதல்ல நீ சாப்பிடு," என்று இலை போட்டாள். மாடியில் சுத்தி, அரம், ரம்பம், இஞ்சின்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு இட்டிருந்தது. அவளைப் பாலத்துக்கு எதிரே பலகை போட்டு உட்காரவைத்து, நஞ்சுண்டசாமி தன் கையால் அவளுக்குக் குங்குமம் வைத்தான். அதே தட்டில் தொட்டுப் பாலத்துக்கும் வைத்தான். கற்பூரம் காட்டும்போது கமலம்மாள் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளி அவள் பிடரியில் ஊற்றினாள். ஐஸ் மாதிரி இருந்தது. அவள் தலையையும் தோளையும் சிலிர்த்து உதறினாள். பின்னாலிருந்து அய்யாவு மெதுவாக, "ஆச்சு," என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். உமாதேவி வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

பூஜை போட்ட சாமானை மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கும் வரை தொடக் கூடாது. ஆனாலும் அன்று சாயங்காலமே அவன் மூக்கனை ஓட்டினான், பாலமும் ஆடாமல் நின்றது.

விடிந்தால் விஜயதசமி. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குளிர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. வலி இல்லை. கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுவது போலிருந்தது. வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. யார் வீட்டிலோ வெள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்தவள், சேலையை முகர்ந்தபோது அது தன்மேல்தான் அடிக்கிறது என்று கண்டாள்.

மதியம் சந்தே கிளம்பியது, யானை ஊர்வலமான ஜம்பு சவாரி பார்க்க. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "உமா, நீ பரல்லவா? ஆனை பாக்க வா," என்றாள். உமாதேவி பதில் சொல்லுமுன் கமலம்மாள் குறுக்கே வந்து, "அவளுக்கு மேலுக்குச் சரியில்ல கெம்பம்மா. நீ நட," என்று ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

நஞ்சுண்டசாமி சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க மட்டும் இருங்களே," என்றாள். "காலு மரத்துப் போச்சுங்க. பயமா இருக்குது."

"ஒண்ணும் ஆகாது, சும்னிரு."

"டாக்டர் கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க."

அவன் நிலைப்படியில் நின்றான். நின்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தான். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை அது. ஒரு கணம் கதவிலிருந்து கையை எடுத்தான். திரும்பி வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். "மாடி திறந்துதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சந்து ஓய்ந்துபோயிற்று. பூட்டிய வீடு ஒன்றில் யாரோ அணைக்க மறந்த ரேடியோவில் ஊர்வலத்தின் வர்ணனை கன்னடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் உடைத்த பூசணிக்காய்கள் வெயிலில் புளித்து நாறின. தொலைவில் பீரங்கி முழங்கியது; ஓட்டுக்கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. உமாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் கழுவலாம் என்று பின்கட்டுக்கு நகர்ந்தாள். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, இழுத்துத்தான் போக வேண்டியிருந்தது. கொடியில் நேற்றைய ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கறை.

முன்பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. பிடரியிலிருந்து வழிந்தது மட்டும்.

அந்தக் கறையைப் பார்த்தபடியே நின்றாள். அவளுடைய ஊரில், பிடரியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது மனுஷருக்கு அல்ல. மாரியம்மன் கோயில் முன்னால் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்து நிறுத்திய கிடாய்க்கு. ஊற்றிவிட்டு எல்லோரும் வாய் மூடிக் காத்திருப்பார்கள். கிடாய் சும்மா நின்றால் வெட்ட மாட்டார்கள். அது துலுக்க வேண்டும். தலையையும் உடம்பையும் ஒரு தரம் சிலிர்த்து உதறிவிட்டால், உத்தரவு கிடைத்துவிட்டது, கிடாயே ஒப்புக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அவள் சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் அந்தக் கூட்டத்தில் நின்று, "துலுக்கிருச்சு, துலுக்கிருச்சு," என்று மற்றவர்களோடு சேர்ந்து சொல்லியிருக்கிறாள்.

நேற்று அவள் துலுக்கினாள்.

எண்ணெய். சேலை. முதலில் போட்ட இலை. கண்ணு என்றது. எல்லாம் கிடாய்க்குச் செய்வது. தன் கையால் பொட்டு வைத்தானே, அந்தக் கையை அவள் இரவெல்லாம் நினைத்து நினைத்துப் பூரித்துக் கிடந்தாளே. நாலு பேர் சிரித்ததற்காக. ஒரு பொம்மைப் பாலத்துக்காக. சித்தப்பா என்று கூப்பிட்டவரும் பின்னால் நின்று ஆச்சு என்றார். அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு வந்தது ஆத்திரம்தான். வாசல் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். கெம்பம்மாவைக் கூப்பிட்டாள். ரேடியோ மட்டும் பதில் சொன்னது. குளிர் இடுப்பைத் தொட்டது.

பாலம் விழுந்தால் தான் பிழைப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு வழியும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பை மேலே தூக்கிக்கொண்டாள். சேலைக்குள்ளிருந்து சரசரவென்று ஏதோ உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். படிகளில் வெள்ளைப் பொடி.

மாடியறையில் வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. கொட்டாவிபுரம் அமைதியாகக் கிடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கினார். பூஜைச் சாமான்கள் பொட்டோடு வரிசையாக இருந்தன. சுத்தியை எடுக்கக் கை நீட்டியவள், தொடக் கூடாதே என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த நேரத்திலும் தயங்கினாள் பாருங்கள், அப்படி வளர்த்திருந்தார்கள். பிறகு எடுத்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நடுத்தூணில் ஓங்கி அடித்தாள்.

சுண்ணாம்பில் அடித்த சத்தம் வரவில்லை. பொத்தென்று கேட்டது. சதையில் விழுந்த சத்தம்.

தூணின் மேற்பகுதியில் நகக்கண் அளவு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அதே நொடியில் அவள் உதடு வெடித்து இரத்தம் வழிந்தது. சுத்தி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். இடுப்பு வளையவில்லை.

கீழே பார்த்தாள். பாதம் தெரியவில்லை. சேலையின் மடிப்புகள் தரையோடு ஒட்டி இறுகியிருந்தன. தொட்டாள். கல்.

மேசை உயர ஆரம்பித்தது. அல்லது அவள் தாழ ஆரம்பித்தாள். விளிம்பு மார்புக்கு வந்தது. கழுத்துக்கு. கண்ணுக்கு நேரே வந்தது. வெயில் அணைந்தது. சுற்றிலும் ஏதோ நெருக்கியது, ஈரமாக, எல்லாப் பக்கமும். கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரல்களை விரிக்க முடியவில்லை. சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டும் ஒரு கீறல் வெளிச்சம்.

அந்தக் கீறல் வழியாக மலை தெரிந்தது. அவள் செய்த மலை. வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பச்சைச் சாயத்துக்குள் பழைய பேப்பரின் எழுத்துகள், ஆள் உயரத்துக்கு. புல் இருந்த இடத்தில் வெட்டிப்போட்ட மரத்துண்டுகள். கீழே கண்ணாடி ஓடை. கரையில் ஆட்கள். அவள் செய்த ஆட்கள். நேற்றுவரை ஸ்டேஷனைப் பார்த்து நின்றவர்கள். இப்போது பாலத்தைப் பார்த்து நின்றார்கள். முகமில்லாத நூறு முகமும் அவளைப் பார்த்து.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. மேலே டியூப் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. படியேறி வரும் செருப்புச் சத்தம், இடி போல. பேச்சுக்குரல்கள். மல்லிகை வாடை. வியர்வை.

"உமா எல்லி, காணோமே?" கெம்பம்மாவின் குரல்.

"ஊருக்குப் போயிருக்காக்கா," என்றான் நஞ்சுண்டசாமி. குரலில் பிசிறே இல்லை. "அவங்கப்பாக்கு உடம்பு சரியில்ல. போன் வந்துது."

"நாந்தான் பஸ் ஏத்தி விட்டு வந்தேன்," என்றாள் கமலம்மாள். "மேலுக்கு முடியாட்டியும் அழுதுக்கிட்டே போனா, பாவம்."

"இல்லை," என்று கத்தினாள் உமாதேவி. "இங்கெ இருக்கறனுங்க. அக்கா. இங்கெ." வாய்க்குள் சுண்ணாம்பு. சத்தம் வெளியே போனதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னய்யா, இந்த வருஷமாவது நிக்குமா?" போர்மேன் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

"பாருங்க சார், ரசமட்டம் வச்சே காட்டறேன்."

தலைக்கு மேலே கனமாக ஒன்று வந்து அமர்ந்தது. அவள் இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து அலறினாள். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஒரு நூல் நகர்ந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

முகம் இறங்கி வந்தது. மலையைவிடப் பெரிய முகம். கீறலுக்கு நேரே ஒரு கண் வந்து நின்றது. அதன் ஈரத்தில் அவள் தன் உதட்டைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்தான் என்பதில் சந்தேகமே இல்லை. கண்மணி விரிந்தது. இமை நடுங்கியது. என்னங்க, என்றாள். நாந்தானுங்க. உங்க உமாங்க.

"என்னாச்சு?" என்றார் போர்மேன்.

"ஒண்ணுமில்ல சார். சின்ன விரிசல். ஒரே நிமிஷம்."

கண் விலகியது. ஈரச் சுண்ணாம்புக் குழம்பு ஒட்டிய விரல் நுனி வந்தது. ரேகைகள், உழுத காடு மாதிரி. நிதானமாக, இஞ்சினுக்கு மெருகு போடும்போது அவன் காட்டும் அதே கவனத்தோடு, விரல் கீறலின்மேல் ஒரு தரம் இழுத்தது. வாய் மூடியது. இன்னொரு தரம். கண் மூடியது.

"ஆயித்து," என்றது அவன் குரல், சுவருக்கு அந்தப்புறம். சுவிட்ச் சொடுக்கியது.

இருட்டில், வெகு தூரத்தில், கரகரவென்று சக்கரங்கள் கிளம்பின. மலையைச் சுற்றின. எருமையைச் சுற்றின. நெருங்கின. அவளுடைய உச்சந்தலையில் முதல் சக்கரம் ஏறியது. இரண்டாவது ஏறியது. மேலே எல்லோரும் கைதட்டினார்கள்.